பிழைக்கத் தெரிந்தவர்

வீடு வாங்கப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். உடனே இரண்டு கேள்விகள் வரும். 'எவ்வளவு சொல்றாங்க?' அடுத்தது, 'நீங்க எவ்வளவுக்குக் கேட்டீங்க?'

கவனித்தீர்களா? விற்பவர் விலை 'சொல்கிறார்'. வாங்குபவர் விலை 'கேட்கிறார்'. சொல்வதற்குத் தைரியம் போதும். கேட்பதற்குத்தான் கணக்கு, கூச்சம், கொஞ்சம் மனசாட்சி எல்லாம் வேண்டியிருக்கிறது.

வாஸ்து பார்க்க ஆள் இருக்கிறார். வில்லங்கம் பார்க்க வக்கீல் இருக்கிறார். சுவரைத் தட்டிப் பார்த்து 'ஸ்ட்ராங்கா இருக்கு சார்' என்று சொல்ல இன்ஜினீயர் இருக்கிறார். ஆனால் எவ்வளவு கேட்கலாம் என்ற கேள்விக்கு, புரோக்கரை விட்டால் நாதியில்லை. புரோக்கரின் கணக்கோ வேறு. ஒரு சதவிகிதம் தரகு என்றால், வீடு ஐம்பது லட்சத்துக்குப் போனால் அவருக்கு ஐம்பதாயிரம். நாற்பதுக்குப் போனால் நாற்பதாயிரம். நமக்குப் பத்து லட்சம் வித்தியாசம், அவருக்குப் பத்தாயிரம்தான். அவருக்கு வேண்டியது நல்ல விலை இல்லை. இந்த வாரமே முடிகிற விலை.

நண்பர் ஒருவர். தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறார். மடிப்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டைப் போய்ப் பார்த்தார். இரண்டு பெட்ரூம், 850 சதுர அடி, கட்டி இருபது வருடம். ஐம்பத்து நாலு லட்சம் சொன்னார்கள். படியிறங்கும்போது புரோக்கர் அவர் தோளில் கை போட்டு, குரலைத் தாழ்த்தினார்.

'சார், உங்களுக்கு மட்டும் சொல்றேன். பெரியவருக்கு பைபாஸ். பையனுக்கு வேலை போயிடுச்சு. இருபது நாள்ல பணம் வேணும். நீங்க நாற்பதுல ஆரம்பிங்க. அழுதுக்கிட்டே கொடுத்துடுவாங்க.'

அன்று ராத்திரி எனக்கு போன். 'நீயும் பி.காம்., நானும் பி.காம். எவ்வளவுடா கேட்கலாம்?'

முதலில் பி.காம். கணக்கையே போட்டுவிடுவோம். ஃப்ளாட் வாங்கும்போது நீங்கள் வாங்குவது இரண்டு பொருள்கள். ஒன்று, பிரிக்கப்படாத பங்கு என்று பத்திரத்தில் எழுதுகிற மண். இன்னொன்று, அதன்மேல் நிற்கிற கட்டடம். மண் விலை ஏறும். கட்டடம் வருடா வருடம் தேயும். நண்பர் பார்த்த ஃப்ளாட்டின் மண் பங்கு 420 சதுர அடி. அக்கம்பக்கத்தில் விசாரித்த விலை சதுர அடி 9,000 ரூபாய். ஆக, 37 லட்சத்து 80 ஆயிரம். அதே மாதிரி புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 2,500 ரூபாய் ஆகும் என்று வைத்து, இருபது வருடத் தேய்மானத்துக்கு நாற்பது சதவிகிதம் கழித்தால் கட்டடம் 12 லட்சத்து 75 ஆயிரம். கூட்டினால் ஐம்பது லட்சத்து ஐம்பத்தையாயிரம். பாத்ரூம் சுவரில் ஓதம், பழைய ஒயரிங் என்று ஒன்றரை லட்சம் செலவு இருக்கிறது. அதையும் கழித்தால் நாற்பத்தொன்பது லட்சம் சொச்சம்.

இது தோராயம்தான். ஒருவர் ஐம்பத்தொன்று என்பார், இன்னொருவர் நாற்பத்தேழு என்பார். வீட்டுக்கு ஒரே ஒரு சரியான விலை என்று எதுவும் கிடையாது. ஒரு எல்லைக்குள் பல சரியான விலைகள் உண்டு. அந்த எல்லைக்குள் பேரம் பேசுவதில் எந்தத் தப்பும் இல்லை. ஓதத்தைக் காட்டிக் குறைக்கலாம். லிஃப்ட் இல்லை என்று குறைக்கலாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று எதிர் டீக்கடையில் விசாரித்துவிட்டு வந்து குறைக்கலாம். இவை எல்லாம் வீட்டைப் பற்றிய காரணங்கள்.

ஆனால் புரோக்கர் சொன்ன நாற்பது? அந்தக் கணக்கில் ஓதம் இல்லை, ஒயரிங் இல்லை. அதில் இருப்பது ஒரு பெரியவரின் இதயம்.

கேள்வி இதுதான். இன்னொருவரின் அவசரம் நமக்குத் தெரிந்துவிட்டது. அதை விலையில் கழித்துக்கொள்ளலாமா?

சட்டத்தைக் கேட்டால் அது தோளைக் குலுக்கிவிடும். காமர்ஸ் படித்தவர்கள் எல்லோரும் மெர்க்கன்டைல் லா வகுப்பில் ஒரு குதிரையைச் சந்தித்திருப்பார்கள். 1872-ம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 25-ம் பிரிவில் வருகிற குதிரை. ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள குதிரையை ஒருவர் பத்து ரூபாய்க்கு விற்கச் சம்மதிக்கிறார். மனம் ஒப்பித்தான் சம்மதித்தார் என்றால், விலை குறைவு என்பதற்காக அந்த ஒப்பந்தம் செல்லாமல் போகாது. உடனே அடுத்த உதாரணமும் உண்டு. 'நான் மனம் ஒப்பிச் சம்மதிக்கவில்லை' என்று அவர் கோர்ட்டில் சொன்னால், விலை அவ்வளவு குறைவாக இருந்ததையும் கோர்ட் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். சட்டம் பார்ப்பது சம்மதத்தை, விலையை அல்ல. பைபாஸுக்குப் பணம் கட்ட வேண்டியவரின் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்று அது தானாக வந்து விசாரிக்காது. கையெழுத்து இருக்கிறதா, கைரேகை இருக்கிறதா, சரி, அடுத்த டோக்கன்.

ஆனாலும் வாங்குபவரைச் சட்டம் முழுக்க அவிழ்த்துவிடவில்லை. 1882-ம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டம், 55-ம் பிரிவு. வீட்டில் உள்ள பெரிய குறைகளை விற்பவர் மறைக்கக் கூடாது என்பது பலருக்கும் தெரியும். அதே பிரிவில் வாங்குபவருக்கும் ஒரு கடமை எழுதியிருக்கிறது. விற்பவருக்கு அந்தச் சொத்தில் உள்ள உரிமை அவர் நினைப்பதைவிடப் பெரியது, அதனால் அதன் மதிப்பு கூடும் என்பது உங்களுக்குத் தெரிந்து, அவருக்குத் தெரியாவிட்டால், நீங்கள் சொல்லியாக வேண்டும். தாய்ப்பத்திரத்தைப் புரட்டும்போது அவர் பங்கு 420 இல்லை, 480 சதுர அடி என்று உங்கள் வக்கீல் கண்டுபிடித்தால், வாயை மூடிக்கொண்டு 420-க்குப் பணம் கொடுத்துவிட்டு வர முடியாது. அந்தப் பக்கம் புதிதாக ரோடு வருகிறது என்று நீங்கள் பேப்பர் படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்ல வேண்டியதில்லை. அது உங்கள் உழைப்பு. 60 சதுர அடி அவர் சொத்து.

ஆக, அறியாமைக்கு ஓரளவு காவல் இருக்கிறது. அவசரத்துக்கு இல்லை. அதை நாம்தான் யோசிக்க வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பால் பாக்கெட் பல மடங்கு விலைக்கு விற்றது. ஞாபகம் இருக்கிறதா? குழந்தை அழுகிறது என்று தெரிந்தேதான் அந்த விலை சொன்னார்கள். விற்றவர்களை நாம் திட்டாத திட்டு இல்லை. 'மனுஷங்களா இவங்க?' என்றோம். சரி, அந்தப் பால்காரர் செய்த கணக்கு என்ன? பாலின் விலையோடு நம் தவிப்பின் விலையையும் கூட்டினார். மடிப்பாக்கத்து ஃப்ளாட்டை நாற்பதுக்குக் கேட்கச் சொன்ன கணக்கு என்ன? வீட்டின் விலையிலிருந்து அவர்கள் தவிப்பின் விலையைக் கழிக்கச் சொன்னது. கூட்டலும் கழித்தலும்தான் வித்தியாசம். கணக்கு ஒன்றுதான்.

13-ம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் என்ற இத்தாலியத் துறவி இந்த விஷயத்தைப் பொறுமையாக உட்கார்ந்து யோசித்திருக்கிறார். ஒரு பொருள் வாங்குபவருக்கு மிகவும் அவசியம், விற்பவருக்கு அதைக் கொடுப்பதால் தனியாக நஷ்டம் ஒன்றுமில்லை என்றால், அந்த அவசியத்துக்காக விலையை ஏற்றக் கூடாது என்கிறார். காரணம்தான் அழகு. அந்த அவசியம் வாங்குபவரிடம் இருப்பது, விற்பவருடையது அல்ல. தன்னுடையது அல்லாததை ஒருவர் எப்படி விற்க முடியும்?

இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். பெரியவரின் நெஞ்சுவலி பெரியவருடையது. பையனுக்கு வேலை போனது அந்த வீட்டின் துக்கம். அதை முன்வைத்து நாம் பத்து லட்சம் குறைத்தால், நம்முடையதே இல்லாத ஒன்றுக்கு விலை போட்டு, காசை நம் பையில் வைத்துக்கொள்கிறோம்.

அதே அக்வினாஸ் இன்னொன்றும் சொல்கிறார். விற்பதால் விற்பவருக்குத் தனியாக நஷ்டம் வருமானால், அதைச் சேர்த்துக் கேட்பது நியாயம். இதுவும் வாங்குபவருக்குப் பொருந்தும். பேங்க் லோன் வருவதற்குள் இருபது நாள் ஓடிப்போகும். அதற்குள் பணம் வேண்டும் என்றால், நண்பர் ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைக்க வேண்டும், நகையை வைக்க வேண்டும், வட்டி கட்ட வேண்டும். இதெல்லாம் சேர்த்து ஐம்பது அறுபதாயிரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாராளமாகக் குறைத்துக் கேட்கலாம். அது நம் சிரமத்தின் விலை. அவர் சிரமத்தின் விலை அல்ல.

நண்பரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் சும்மா விடவில்லை.

'அட போடா. நான் கேட்காட்டி நாளைக்கே வேற எவனாவது நாற்பதுக்கு முடிச்சுட்டுப் போயிடுவான். நான் நாற்பத்திரண்டு கொடுத்தா அவங்களுக்கு ரெண்டு லட்சம் லாபம்தானே?'

பலமான வாதம்தான். ஊரில் நடக்கிற பாதிக் காரியங்கள் இந்த வாதத்தில்தான் நடக்கின்றன. ஆனால் இதில் ஒரு கோளாறு இருக்கிறது. நம்மைவிட மோசமான ஒருவரைக் கற்பனையில் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்திக்கொண்டால் யார் வேண்டுமானாலும் நல்லவராகத் தெரியலாம். அந்த 'எவனோ' ஒருவன் வருவானா, மாட்டானா தெரியாது. இப்போது வந்திருப்பது நாம். கேட்கப்போவது நம் வாய்.

இரண்டாவது வாதம் இதைவிடப் பலமானது. 'என் கஷ்டம்? இருபது வருஷம் இ.எம்.ஐ. கட்டப்போறவன் நான். என்கிட்ட இருக்கிறதே நாற்பத்து நாலுதான். நான் என்ன பண்றது?'

இதற்கு என் பதில், நாற்பத்து நாலு கேளுங்கள் என்பதுதான். 'வீடு நாற்பத்தொன்பது பெறும், எனக்குத் தெரியும். ஆனா என் சக்தி இவ்வளவுதான். உங்களுக்கு ஒத்துவந்தா சொல்லுங்க, இல்லாட்டி வேற பார்ட்டியைப் பாருங்க, எனக்கு வருத்தமில்லை.' இப்படிச் சொல்லிக் குறைவாகக் கேட்பதில் ஒரு பாவமும் இல்லை. விலை அடிமட்டம்தான். ஆனால் பொய் இல்லை, 'இன்னிக்கு ராத்திரிக்குள்ள சொல்லணும்' என்ற கழுத்துப்பிடி இல்லை. அவர் யோசிக்க இடம் இருக்கிறது. நாற்பத்தொன்பது கையில் வைத்துக்கொண்டு நாற்பத்து நாலுதான் இருக்கிறது என்று சொன்னால் கதை வேறு.

இங்கே ஒரு விஷயம் கிடைக்கிறது. நீங்கள் கேட்கிற தொகையைவிட, அதற்கு நீங்கள் வைத்திருக்கிற காரணம் முக்கியம். அந்தக் காரணத்தை விற்பவரின் முகத்தைப் பார்த்து, சத்தமாகச் சொல்ல முடிகிறதா? 'ஓதம் இருக்குங்க, அதனால ஒன்றரை லட்சம் குறைச்சேன்.' சொல்லலாம். 'டெபாசிட்டை உடைக்கணும்ங்க.' சொல்லலாம். 'உங்களுக்கு பைபாஸ்னு புரோக்கர் சொன்னார், அதனால பத்து லட்சம் குறைச்சேன்.' சொல்லிப் பாருங்கள். நாக்கு எழாது.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அங்கே மறைப்பது தொகையை. வீட்டு வியாபாரத்தில் தொகை வெளிப்படை. காரணம்தான் துண்டுக்குள் இருக்கிறது.

இதே சோதனையில் இன்னும் இரண்டு வழக்கங்கள் தோற்றுப்போகின்றன. ஒன்று, இரண்டு எண் வைத்துக்கொள்வது. பத்திரத்துக்கு ஒன்று, கைக்கு ஒன்று. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம். பதிவுக் கட்டணம் 2017-ல் 4 சதவிகிதமாகி, 2023 ஏப்ரலில் 2 ஆகக் குறைந்தது. ஆக ஒன்பது சதவிகிதத்தில் மிச்சம் பிடிக்கலாமே என்று ஆசை வரும். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை 2015 ஜூன் முதலே வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. சட்டம் கிடக்கட்டும். சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு தொகையை உங்கள் வீட்டின் விலை என்கிறீர்களே, அதை யோசியுங்கள்.

இன்னொன்று, பேசி முடித்து, அட்வான்ஸ் கொடுத்து, அக்ரிமென்ட் போட்டு, பதிவு நாளன்று காலையில் 'இன்னும் ரெண்டு லட்சம் குறைச்சுக்குங்க, இல்லாட்டி யோசிக்கணும்' என்பது. அவர் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குத் தேதி கொடுத்துவிட்டார் என்று தெரிந்துகொண்டு இப்படிக் கேட்பதற்குப் பேரம் என்று பெயர் இல்லை. அதற்கு வேறு பெயர் இருக்கிறது. பத்திரிகையில் எழுத முடியாது.

அமெரிக்காவில் இருக்கும் பையன், அப்பா கட்டிய வீட்டைக் கணினித் திரையில் பார்த்தே விற்கிறான். அவனுக்கு அவசரமில்லை, ஏமாளியும் இல்லை. அவனிடம் நீங்கள் எவ்வளவு கறாராகப் பேசினாலும் எனக்கு ஆட்சேபணை கிடையாது. சமமானவர்கள் ஆடுகிற ஆட்டம் அது. எதிரில் இருப்பவருக்கு எழுந்து போக முடியாதபோதுதான் ஆட்டம், ஆட்டமாக இல்லாமல் போகிறது.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பட்டினப்பாலை புகழ்கிற இடத்தில், விற்கும்போது குறைத்துக் கொடுக்க மாட்டார்கள் என்பதோடு அந்தப் புலவர் நிறுத்தவில்லை. வாங்கும்போதும் அளவுக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார். நாம் விற்பவரின் நேர்மையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். கலப்படம், எடைக்குறைவு, போலி. வாங்குபவருக்கும் நேர்மை என்று ஒன்று உண்டு என்பது நம் பேச்சில் வருவதே இல்லை.

ரோமாபுரியில் குவின்டஸ் ஸ்கேவோலா என்று ஒருவர் இருந்தார். கி.மு. 95-ல் கான்சல் பதவி வகித்தவர். பெரிய சட்ட அறிஞர். ஒரு நிலம் வாங்கப் போனார். 'இழுபறி வேண்டாம், ஒரே விலையாகச் சொல்லுங்கள்' என்றார். விற்பவர் சொன்னார். ஸ்கேவோலா யோசித்துவிட்டு, 'என் கணக்கில் இந்த நிலம் அதைவிடக் கூடப் பெறும்' என்று சொல்லி, ஒரு லட்சம் செஸ்டர்ஸ் நாணயம் சேர்த்துக் கொடுத்தார்.

இந்தக் கதையை எழுதி வைத்தவர் சிஸரோ. கி.மு. 44-ல், ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த தன் மகனுக்காக எழுதிய புத்தகத்தில் வருகிறது. ஊரார் இதற்கு என்ன சொன்னார்கள் என்பதையும் குறித்திருக்கிறார். ஸ்கேவோலா நல்லவர் என்பதை யாரும் மறுக்கவில்லையாம். ஆனால் புத்திசாலி செய்கிற வேலை இல்லை என்றார்களாம்.

நம் ஊர் பாஷையில், 'நல்ல மனுஷன்தான், பாவம், பிழைக்கத் தெரியாதவர்.' இரண்டாயிரம் வருடமாக இந்த வசனம் மாறவே இல்லை பாருங்கள்! சிஸரோவுக்குக் கோபம் வருவதும் இங்கேதான். நல்லவன் வேறு, புத்திசாலி வேறு என்று ஜனங்கள் பிரித்து வைத்திருப்பதுதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம் என்கிறார்.

நான் உங்களை ஸ்கேவோலா ஆகச் சொல்லவில்லை. கேட்டதற்கு மேல் கொடுக்க நம்மில் பலருக்கு வசதி இல்லை. வசதி இருந்தாலும் வீட்டில் விட மாட்டார்கள். என் நண்பர் நாற்பத்தேழரையில் ஆரம்பித்து நாற்பத்தெட்டரையில் முடித்தார். 'ஓதம், ஒயரிங், வட்டி' என்று ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளையே பெரியவரிடம் கொடுத்தாராம். புரோக்கர் இன்றைக்கும் அவரைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்கிறார். 'எட்டு லட்சத்தை விட்டுட்டீங்களே சார்!' விட்டார் என்றால், எடுக்கக் கூடாததை எடுக்காமல் விட்டார். அவ்வளவுதான்.

'வயிறெரிஞ்சு வித்த வீடு விளங்காது' என்று பாட்டிகள் சொல்வார்கள். செங்கல்லுக்குச் சாபம் ஒட்டும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தப் பாட்டிகள் கண்ட ஓர் உண்மை அதில் இருக்கிறது. வீடு, பங்குச் சந்தையில் வாங்கி அடுத்த நாள் விற்கிற ஷேர் இல்லை. அதற்குள் தினமும் தூங்கி எழுந்திருக்க வேண்டும்.

அதனால், எவ்வளவு கேட்பது என்று குழம்புகிறவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. தொகையை மனதுக்குள் முடிவு செய்துவிட்டு, கிரகப்பிரவேசப் பத்திரிகையை எழுத உட்காருங்கள். யார் யாரைக் கூப்பிடுவது என்று பெயர் போடுங்கள். மாமா, சித்தப்பா, ஆபீஸ் நண்பர்கள். கடைசியாக, அந்த வீட்டை உங்களுக்கு விற்றவரின் பெயரை எழுதுங்கள்.

பேனா தயங்காமல் எழுதினால் விலை சரி.